நாலாவது கேள்வி

"சாப்டீங்களாக்கா?"

"ஆச்சுங்க."

படிவத்தில் நாலாவது கேள்விக்கு டிக் அடித்தேன். சோலையம்மாள் மன்னவனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். வயது நாற்பத்தைந்து. பூண்டு போடுகிற குடும்பம். கடைவாய்ப் பல் சொத்தை, மூன்று நாளாகத் தூக்கமில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாள்.

கொடைக்கானலில் உள்ள இந்தப் பல் கிளினிக்கில் நான் உதவியாளன். படித்தது வேதியியல். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்வேன், கிருமி போனதற்கு அடையாளமாக உறையின் பட்டை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன், கேள்விகள் கேட்டு எழுதுவேன். என் மனைவி மணிமேகலை இறந்து ஏழு மாதம். அதற்குப் பிறகும் வேலையில் பிசகியதில்லை. கை தானாகச் செய்யும்.

அன்றும் தானாகத்தான் டிக் அடித்தது.

டாக்டர் சுகன்யா ஊசியில் மருந்தை ஏற்றினார். நான் விளக்கைத் திருப்பினேன். சோலையம்மாளின் மேலுதட்டில் வேர்வை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத மூடுபனி. அந்தக் குளிருக்கு டாக்டரும் நானும் ஸ்வெட்டரில் இருந்தோம்.

"ஒரு நிமிஷம் டாக்டர். அக்கா, காலைல என்ன சாப்டீங்க?"

"அதான் ஆச்சுன்னேனே."

"என்ன சாப்டீங்க?"

அவள் கூரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல தம்பி. பல்லு புடுங்க வெறும் வயித்தோடதான் போகணும்னு பக்கத்து வீட்ல சொன்னாக."

"மாத்திரை?"

"அத வெள்ளனே போட்டுட்டேன்."

"அப்ப ஏங்க்கா ஆச்சுன்னீங்க?"

"நல்லாருக்கே! வந்த எடத்துல சாப்டியான்னு கேட்டா இல்லைன்னா சொல்லுவாக? நீங்க எல போட்டு ஒக்கார வைக்கவா?"

டாக்டர் சிரித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஐம்பத்தெட்டு, ரொம்பக் குறைவு. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நாற்காலியிலயே மயங்கியிருப்பாங்க, கோகுல்."

சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு சோலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மணி பஸ்ஸ விட்டா எனக்குத் தங்க எடமில்ல. நாளைக்குப் பூண்டு எடுக்க ஆள் வருது. வலியோட திருப்பி அனுப்பிராதீங்க."

"சாப்பிடுங்க. சர்க்கரை ஏறினா இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

என் டிபன் டப்பாவை எடுத்து வந்தேன். அண்ணி கட்டிக்கொடுக்கிற தயிர்சோறு. பல நாள் அப்படியே திரும்பிப் போகிற டப்பா. பாதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நல்ல பக்கப் பல்லால் மெதுவாக மென்றாள்.

மணிமேகலையும் மதியம் போனில், சாப்பிட்டாயிற்றா என்பாள். ஆச்சு என்பேன். விடமாட்டாள். "என்ன கறி?" என்பாள். அதில்தான் மாட்டிக்கொள்வேன். இந்த ஏழு மாதமும் எல்லோருக்கும் ஆச்சு என்றுதான் சொல்கிறேன். யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

படிவத்தில் நாலாவது கேள்விக்குப் போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன். கேள்விக்குப் பக்கத்தில், 'என்ன? எப்போது?' என்று சேர்த்தேன்.

"நீங்க சாப்டீங்களா தம்பி?"

"ஆச்சுக்கா."

"எதை? டப்பா இங்கனல்ல கெடக்கு."

டாக்டர் கையுறை மாற்றப் போனார். நான் டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

ஒரு மணிக்குச் சர்க்கரை நூற்றுப் பன்னிரண்டு. பட்டை கறுத்த புது உறையைப் பிரித்தேன். பல் முழுசாக வந்தது. பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் பேசக்கூடாது என்று சொன்னேன்.

பேசவில்லை. இரண்டேகாலாகியும் எழுந்திருக்கவும் இல்லை.

"வெரசா போங்கக்கா, பஸ் போயிரும்."

டப்பாவைக் காட்டினாள்.

"அப்புறம் சாப்பிடுறேன்."

மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, பையை மடியில் வைத்துச் சாய்ந்துகொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கை கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தேன். சோறு சில்லிட்டிருந்தது. மூன்றாவது வாயில்தான் உப்புத் தெரிந்தது. அடியில் மாங்காய்த் துண்டு ஒன்று இருந்தது. அதையும் தின்றேன்.

காலி டப்பாவை எட்டிப் பார்த்தாள். பிறகுதான் எழுந்தாள்.