ஒன்பது லட்சத்துக்குள்

விலையை உடைக்கத் தெரிந்தவன் என்று ஆலங்குடி வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நாசமாய்ப் போன பெயர். இருபத்தாறு வருடமாகத் தேங்காய் வாங்கி விற்கிறேன். தோப்புக்காரன் ஒரு விலை சொல்வான், நான் ஒரு விலை சொல்வேன், நடுவில் எங்கேயாவது வந்து நிற்போம். அதில் வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் சொந்தத்தில் யார் பைக் வாங்கினாலும் பீரோ வாங்கினாலும் மலையாண்டியைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். நானும் இளித்துக்கொண்டு போவேன்.

போன மார்ச் முப்பதாம் தேதி அப்படித்தான் என் அக்காள் புருசன் நாகராசு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மகள் கலைமதிக்கு இலுப்பூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் நிச்சயமும் முடிந்திருந்தது. பையன் பெயர் விக்ரம், சிங்கப்பூரில் வேலை. அவன் அப்பா உதயசூரியன் நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுசர் என்று எல்லோரும் மெச்சினோம். ஒரு கார் மட்டும் போதும் என்றார். எந்தக் கார், என்ன நிறம், மேலே திறக்கிற கண்ணாடி இருக்க வேண்டும், கியர் போடாமல் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். காரை புக் பண்ணின பிறகுதான் பத்திரிகை அடிப்பது என்றும் சொல்லிவிட்டார். சீர் என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் கேட்கிறவனுக்குக் கூச்சமே இருக்காது போல.

மச்சான் இதற்காக முந்திரிக் கொல்லையை விற்றிருந்தார். நாலு சொந்தக்காரர்கள் முன்னால் சம்பந்தியிடம் கறாராகவும் பேசினார். "ஒன்பது லட்சத்துக்குள்ள கார் கெடைச்சா கல்யாணத்த முடிச்சுருவோம். அதுக்கு மேல ஒத்த ரூவான்னாலும் என்னால ஆகாதுங்க. நீங்க வேற எடம் பாத்துக்கலாம்." அந்தக் காரோ வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்து நாற்பதாயிரம். உதயசூரியன் அசரவில்லை. ஒங்க மச்சினன் மலையாண்டி நல்லாப் பேசுவாராமே, அவரையே கூட்டிட்டு வாங்க, படிஞ்சிரும் என்று சிரித்தாராம்.

கார் பேசப் புதுக்கோட்டைக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் கலைமதி நேராக என் தேங்காய்க் கிட்டங்கிக்கு வந்தது. ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சாக்பீஸ் தூசி கையில் அப்படியே இருந்தது. நான் காபி வாங்கிவரச் சொல்லவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நின்றது.

"மாமா, நாளைக்கு வெலை படியாமப் பாத்துக்கங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு அதுவே சொன்னது. நிச்சயம் ஆன நாளிலிருந்து அந்தப் பையன் ஒரு நாளைக்கு முப்பது தடவை போன் அடிக்கிறானாம். வகுப்பில் இருக்கும்போது எடுக்காவிட்டால் கத்துகிறானாம். பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஒரு நாள் பக்கத்தில் யாரோ கிழவர் உட்கார்ந்திருந்ததற்கு, எழுந்து நின்றுகொண்டு வராமல் ஏன் உட்கார்ந்து வந்தாய் என்று கேட்டானாம். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் இருக்கு ஒனக்கு என்றானாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒங்க அம்மாகிட்ட சொன்னியா என்றேன். சொல்லியிருக்கிறது. என் அக்காள் ராஜலட்சுமி, தூரத்தில் இருக்கிற பையன், பிரியத்தில் கேட்கிறான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாளாம். அவளைப் போய் நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல மாமா. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் பெரிய இவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு, நீ கவலைப்படாம வீட்டுக்குப் போ, மாமன் பாத்துக்கிறேன் என்றேன். எனக்கு அது ஒரு பெரிய வேலையாகவே படவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. வியாபாரம் வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று வாயால் சொன்னால் பகை ஆகிவிடும் என்றால், மானங்கெட்ட ஒரு விலையைக் கேட்க வேண்டும். காய் இருபது ரூபாய் என்கிறவனிடம் பதினொன்று என்று கேட்டால் போதும். கூடவே காய் சொத்தை என்று ஒரு வார்த்தை. தோப்புக்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். யார் மேலும் பழி இல்லை. விலை படியவில்லை, அவ்வளவுதான். இந்த வழியில் நான் எத்தனையோ வியாபாரத்தை முறித்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தையும் முறித்துவிடலாம் என்று நினைத்தேன், மடையன்.

ஷோரூம் பைபாஸ் ரோட்டில் இருந்தது. எங்களுக்கு முன்பே உதயசூரியன் வந்து ஏசிக் காற்றில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். பிரவீன்குமார் என்று ஒரு சேல்ஸ்மேன், கல்யாண வயதுப் பையன், டை கட்டிக்கொண்டு ஓடி வந்தான். அந்த வெள்ளைக் காரைச் சுற்றிக் காட்டினான். உதயசூரியன் போனில் விக்ரமைப் பிடித்து, காரை நாலு பக்கமும் காட்டினார். பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். காரைப் பார்த்த கையோடு, கலை எங்கே, ஏன் வரவில்லை என்று மச்சானைக் கேட்டான். பள்ளிக்கூடம் போயிருக்கிறது என்றார்.

"லீவு போடச் சொல்லிருந்தேனே. காலைலருந்து பதினோரு தடவ அடிச்சுட்டேன், எடுக்கல. அதெல்லாம் அப்பறம் பேசிக்கிறேன்." சத்தம் போடாமல்தான் சொன்னான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். எட்டரை லட்சத்துக்குத் தருகிறாயா என்றேன். பத்து நாற்பது சொல்கிற காரை எட்டரைக்குக் கேட்டால், எங்கள் தோப்புக்காரனாக இருந்தால் என் அப்பனையும் சேர்த்துத் திட்டியிருப்பான். பிரவீன்குமார் சிரித்தான். டீயா காபியா சார் என்று கேட்டான்.

சரி, இவனுக்கு இது போதாது என்று எழுந்து போய்க் காரின் கதவைத் தேங்காய் மாதிரி விரலால் தட்டினேன். தகரம் என்றேன். பெயின்ட் மங்கல் என்றேன். அவன் முகம் மாறவில்லை. எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டு வந்தது. போன வருசத்து வண்டியைக் கழுவித் தொடைச்சு நிப்பாட்டி எங்க தலையில கட்டப் பாக்குறியா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றது. அப்பாடா, கோபம் வந்துவிட்டது, எழுந்து போகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்தி, ஆமா சார், நவம்பர்ல தயாரான வண்டி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றான். அதற்காக எழுபதாயிரம் குறைக்க மேனேஜரிடம் பேசுவதாகச் சொன்னான். உதயசூரியன் தொடையைத் தட்டிச் சபாஷ் என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அந்த ஏசியிலும் வியர்த்தது. ஆனால் இதிலேயே ஒரு வழி இருக்கிறது என்று பட்டது. சம்பந்தி பக்கம் திரும்பி, பழைய வண்டியாமே, புது மாப்பிள்ளைக்குப் பழசைக் கொடுத்தால் நல்லாவா இருக்கும், உங்களுக்கு வேண்டாம்தானே என்று கேட்டேன்.

"நம்பர் இந்த வருசந்தானே விழுகப் போவுது. பரவால்லீங்க, நீங்க பேசுங்க" என்றார்.

பேசினேன். வேறென்ன செய்வது. ஒவ்வொன்றாக முடியாததையே கேட்டேன். நான் முடியாதது என்று நினைத்ததெல்லாம் அவர்களுக்கு முடிந்தது. இன்சூரன்ஸை வெளியில் போட்டால் பாதிதான் ஆகும் என்றேன், அவர்களே அந்த விலைக்குப் போட்டுத் தருவதாக அதில் முப்பதாயிரம் குறைத்தார்கள். சீட் கவரும் காலுக்குப் போடுகிற விரிப்பும் எனக்கு வேண்டாம் என்றேன், அதிலும் குறைந்தது. நாளையோடு கணக்கு வருசம் முடிகிறது, இந்த மாதம் எனக்கு இன்னும் ஒரு வண்டி போக வேண்டும் சார் என்று அந்தப் பையன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். மார்ச் முடிகிற நேரமாகப் பார்த்து வந்து மாட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. விலை ஒன்பது லட்சத்து இருபத்திரண்டாயிரத்தில் வந்து நின்றது.

அவன் அங்கேயே நின்றான். அதற்குக் கீழ் மேனேஜரே வந்தாலும் முடியாது என்றான். எனக்கு அவன் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டேன். எங்களுக்கு இந்தக் கார் வேண்டாம், வாங்க மச்சான் போவோம் என்று எழுந்தேன். என் பேச்சில் கள்ளம் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் அவ்வளவு உண்மையாக எழுந்ததே இல்லை. எனக்கு முன்னால் மச்சான் எழுந்து வாசலுக்கு நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்தது கிடையாது. விலை படியாத கோபம் என்று நினைத்தேன்.

கண்ணாடிக் கதவைத் தாண்டி, வெயிலில் கால் வைத்திருப்போம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பிரவீன்குமாரும் மேனேஜரும் ஓடி வந்தார்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார் மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல. ஒம்போது. ரவுண்டா ஒம்போது. வாங்க, உள்ள வாங்க."

உதயசூரியன் அவர்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நின்றார். எழுந்து போகிற மாதிரிப் போனதுதான் உங்க கெட்டிக்காரத்தனம் என்று என் முதுகில் தட்டினார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். புக்கிங் பணமாக இருபத்தையாயிரத்தைக் கொடுத்தார். எங்கள் எல்லோரையும் காருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். பத்திரிகைக்கு நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்று உதயசூரியன் கிளம்பிப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் பைக் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் நின்றோம். மச்சான் சாவியைப் போட்டார், வண்டியைக் கிளப்பவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. நேற்றுக் கலை வந்தது, இப்படி இப்படி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டுவார், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் மாப்ள" என்றார். "ஒன்பதுன்னு நான் எதுக்குச் சொன்னேன்னு நெனைக்கிற? கொல்லை பதினோரு லட்சத்துக்குப் போச்சு. பத்து நாப்பது காரை எவன் ஒன்பதுக்குத் தரப்போறான், விலை படியலன்னு சொல்லி வெலகிரலாம்னு இருந்தேன்."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். நீ எனக்குச் சொன்னியா என்றார். ஒரே பைக்கில் ஆலங்குடியிலிருந்து ஒட்டி உட்கார்ந்து வந்த இரண்டு ஊமைகள்.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இருபத்தையாயிரம் போனால் போகட்டும், நான் போய் இலுப்பூரில் பேசுகிறேன் என்றேன். என்னன்னு பேசுவ என்று கேட்டார். பொண்ணுக்குப் பிடிக்கலன்னுதான் என்றேன். சம்பந்தம் கொண்டுவந்தது மச்சானுடைய சொந்த அண்ணன். நிச்சயத்துக்கு முந்நூறு பேருக்கு இலை போட்டிருக்கிறது. பொண்ணுக்குப் பிடிக்கலன்னா, பொண்ணுக்கு வேற யாரையோ பிடிச்சிருக்குன்னு ஊரு கதை கட்டிருமே மாப்ள என்றார்.

"சொல்லிக்கிறதுக்கு எங்கிட்ட அந்த வெலை ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீ கொறச்சுட்ட."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மனுசன் நின்ற கோலத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தேன். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கலைமதி. மத்தியான இடைவேளை விட்டிருக்கும்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். நான்தான் சொன்னேன், ஒன்பதுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று.

கலை கேட்டது.

"நீங்கதான் பேசுனீங்களா மாமா?"

ஆமாம்மா, நான்தான் பேசினேன் என்றேன்.