கட்டம் போட்ட சால்வை

எவ்லின் பூத்தட்டைத் தாயின் கையில் திணித்தாள். கழுத்தில் கிடந்த கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வையை உருவி, நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, மாதா சொரூபத்தைச் சுமக்கிற கூட்டின் முன் தடி பிடிக்கிற இடத்தில் போய் நின்றாள். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரக் கோயில் முற்றத்தில் நின்ற போர்த்துக்கேயரும் தமிழரும் ஒரே நேரத்தில் கதையை நிறுத்தினார்கள்.

அந்தக் கோயிலில் காலைப் பூசை போர்த்துக்கேயருக்கு, மத்தியானப் பூசை தமிழருக்கு. மாதாவின் வணக்கமாதமான மே முடிகிற ஞாயிறு மட்டும் இரண்டு கூட்டமும் சேர்ந்து பற்றிமா மாதாவைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து தெருவைச் சுற்றிவரும். முன்னால் ஒரு போர்த்துக்கேயர், ஒரு தமிழர், பின்னாலும் அப்படியே. நாலு பேரும் ஆண்கள். பெண்கள் பூப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். எவ்லினும் சிறுமியாக முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து போட்டுத்தான் வந்தாள்.

போர்த்துக்கேயரின் முன் தடி ஆர்மிந்துவினுடையது. கட்டையான மனிதர். உயரம் சரிக்கட்டப் பென்ஃபிகா உதைபந்தாட்டக் கழகத்தின் சிவப்புச் சால்வையை மடித்துத் தோளில் வைப்பார். அவருடைய கோப்பிக்கடையில்தான் எவ்லின் படிக்கிற காலம் முழுக்க வார இறுதிகளில் வேலை செய்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் மூன்று மேசைகள்: பென்ஃபிகா, போர்த்து, ஸ்போர்ட்டிங். போன இலையுதிர்காலத்தில், தான் பொவாவிஷ்டாவின் பக்கம் என்று அவள் அறிவித்தாள். பெரிய காரணம் எதுவுமில்லை. அந்தக் கடையில் அவர்களுக்கென்று ஒரு மேசைகூட இருக்கவில்லை.

"ஐம்பது வருசமாக அந்த மூன்றைத் தவிர எவனும் லீக் கிண்ணம் தூக்கவில்லை, பெண்ணே," என்று ஆர்மிந்து ஜெர்மனில் சொன்னார். "உன் கட்டச்சட்டைக்காரர்கள் தூக்கினால், கூட்டில் என் இடம் உனக்கு."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பொவாவிஷ்டா வெல்ல வெல்ல, அவருக்குக் கோப்பி வைக்கும்போதெல்லாம், "தோள் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தாள். அந்த 2001 மே மாதத்தில் பொவாவிஷ்டா கிண்ணத்தைத் தூக்கியது. பென்ஃபிகா ஆறாமிடத்தில் கிடந்தது.

மற்ற முன் தடியில் நின்ற நெட்டையான இராயப்பு மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை என்ன செய்யிறாய்? போய்ப் பூவைப் போடு."

"ஆர்மிந்து தன்ரை இடத்தை எனக்குத் தந்திட்டார், அப்பா."

"பொம்பிளையள் கூடு தூக்கிறேல்லை."

"மேலை இருக்கிறதே பொம்பிளைதான்."

மாதாவின் பெயரையே சுமக்கிற தாய் பற்றிமா பூத்தட்டோடு ஓடி வந்தாள். "வாயை மூடிக்கொண்டு வாடி. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

தமிழ்ப் பூசைக்குத் தலைவரான அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். "படிச்ச பிள்ளை இப்பிடிச் செய்யலாமோ?"

எவ்லினுக்குக் காது சுட்டது. பரம்பரையிலேயே பல்கலைக்கழக வாசலை முதலில் மிதித்தவள் அவள். "போன மாசம் நான் எஞ்சினியர் ஆயிட்டன் எண்டு நீங்கள்தானே அங்கிள் மேடையிலை ஏத்திப் பொன்னாடை போத்தினீங்கள்? எங்கடை சனத்துக்கே பெருமையெண்டு கத்தினீங்கள். அதே தோள்தான் இது. பொன்னாடை தாங்கும், தடி தாங்காதோ?"

அருட்பிரகாசம் ஆர்மிந்துவைப் பார்த்தார், ஏதாவது சொல்லுவார் என்று. ஆர்மிந்து கையை விரித்தார். "சொன்னால் சொன்னதுதான்." பிறகு அவளிடம் குனிந்து, "அந்தத் துணியையாவது மறை. மாதா பென்ஃபிகாக்காரி," என்றார்.

"ஆறாமிடத்துக்கு வந்தவைக்கு மாதா என்ன செய்வா?" என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்.

"அப்ப நான் தடியை விடுறன்," என்றார் இராயப்பு. "நீயே தூக்கு."

"விடுங்கோ. நான் விடமாட்டன்."

மணி அடித்தது. பின்னால் நின்ற இருவரும் குனிந்தார்கள். இராயப்பு ஒரு கணம் நின்றார். பிறகு அவரும் குனிந்தார்.

கூடு எழும்பியது. பாரம் முழுக்கத் தன் தோளிலேயே இறங்கியதுபோல அவளுக்கு இருந்தது. மடித்த சால்வையின் உயரம் போதவில்லை. அவள் ஆர்மிந்துவைவிடக் கட்டை. மாதா அவள் பக்கம் சரிந்தாள், கிரீடம் ஆடியது, பெண்கள் "யேசுவே!" என்று கூவினார்கள். இறக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். எவ்லின் நுனிக்காலில் எம்பினாள். கெண்டைக்கால் நடுங்கியது. இறக்குவதில்லை. விழுந்தால் தன்மேல் விழட்டும்.

மெல்லச் சரிவு நின்றது. பிறகு நிமிர்ந்தது.

கடைக்கண்ணால் மற்றத் தடியைப் பார்த்தாள். அந்தக் கோயிலிலேயே நெட்டையான மனிதர் முழங்காலை மடக்கி அரைக் குந்தலில் நின்றார். நெற்றியில் வேர்வை. அவளைப் பார்க்கவில்லை.

"இடக்கால்," என்றார், தெருவைப் பார்த்தபடி.

அவள் இடக்காலை வைத்தாள். ஜெர்மன்காரர்கள் யன்னல்களைத் திறந்தார்கள். கட்டம் போட்ட சால்வையின் ஒரு முனை தோளிலிருந்து அவிழ்ந்து, எல்லாரும் பார்க்க, மாதாவின் காலடியில் காற்றுக்குப் படபடத்தது.