பூனையோடு நாற்பது மணி நேரம்

மினசோட்டாப் பால்பண்ணையில் வளர்ந்த கிர்ஸ்டனுக்கு முரட்டுக் காளையும் தூசு. பூனை என்றால் மட்டும் உதறல். பட்டம் வாங்கியவள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். எந்த விலங்கோடு எத்தனை மணி நேர அனுபவம் என்று, அவள் தினமும் வேலை பழகப் போகும் கால்நடை ஆஸ்பத்திரியின் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். மாட்டுக்கு முந்நூறு, பூனைக்கு முட்டை.

"டாக்டர், பூனைக்கு நாற்பதுன்னு போடுங்களேன். உங்க ஆஸ்பத்திரிப் பூனை தினமும் என் மடியிலதானே தூங்குது?"

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"பயத்துல மூச்சுகூட விடமாட்டேன்!"

டாக்டர் ஹால்வர்சன் சிரிக்காமல் எழுதிக் கையெழுத்திட்டார். கிர்ஸ்டன் ஆவலாக வாங்கிப் படித்தாள்: 'இவளை அடக்கி உட்காரவைப்பதில் எங்கள் பூனைக்கு நாற்பது மணி நேர அனுபவம் உண்டு.'