கொய்யா மரத்து சிடி

ரெஜினா மறுபடியும் அந்தப் பொத்தானை அழுத்தினாள். மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் அசையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் மணல் கடிகாரம் மட்டும் கவிழ்வதும் நிமிர்வதுமாக வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது. கடை திறந்ததும் செருகிய சிவப்பு ஸ்டிக்கர் தாள் மிஷினின் வாயில் அப்படியே தொங்கியது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் வண்டி நம்பர் ஆகட்டும், ஆட்டோவின் முதுகில் ஒட்டும் தத்துவம் ஆகட்டும், எல்லாவற்றையும் இந்த மிஷினின் பொடிக் கத்திதான் வெட்டிக் கொடுத்தது. அவள் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து அனுப்பினால், மிஷின் தாளை முன்னும் பின்னும் இழுத்துக் கீறித் தரும். இப்போது கம்ப்யூட்டர் கூப்பிடுவது அதன் காதில் விழவே இல்லை.

வாசலில் எல்லப்பன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். கடல் பொங்கி வந்து அவன் படகைக் கொண்டுபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதுதான் நிவாரணத்தில் ஒரு ஃபைபர் படகு வந்திருந்தது. படகின் இரண்டு பக்கமும் அதைக் கொடுத்தவர்களின் பெயர் ஆள் நீளத்துக்கு இருந்தது. தர்மம் செய்தவர்கள் தங்கள் பெயர் கடலில் போகவேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் எல்லப்பன் வீட்டில் அந்த நியாயம் எடுபடவில்லை.

"ஆவுமா ஆவாதாம்மா? ஞாயித்துக்கெழம படகு எறக்கணும். பொன்னின்னு பேரு போடாம எறக்கினா என் வூட்டுக்காரி சோறு போட மாட்டா. ஊரான் பேர நெத்தியில ஒட்டிகினு கடலுக்குப் போறியான்னு கேக்கறா."

பொன்னி என்பது அவன் மனைவி பெயர்தான். போன படகுக்கும் அதே பெயர். அதை வெட்டிக் கொடுத்ததும் ரெஜினாதான்.

"ஞாயித்துக்கெழம காலையில வா, அண்ணாத்த."

"மிஷினு ஓடலியே?"

"ஓடும்."

சொல்லிவிட்டாள். எப்படி ஓடும் என்று அவளுக்கே தெரியாது. எல்லப்பனின் படகு மாதிரி குப்பத்துக் கரையில் வரிசையாகப் படகுகள் நின்றன. எல்லா வீட்டிலும் ஒரு பொன்னி இருந்தாள். இந்த எழுத்து நன்றாக அமைந்தால் அத்தனை பேரும் இந்தக் கடைக்கு வருவார்கள். அமையாவிட்டால் பெயிண்டரிடம் போவார்கள், கடையும் போய்விடும். அது சும்மா பயம் இல்லை. தம்பி ஜோயல் வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடியதிலிருந்து, இதே இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கவேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இடத்துக்கு அட்வான்ஸ் கட்டியது அப்பா சின்னையன் என்பதால் அவனுக்கும் பாத்தியதை உண்டு. கைக்குழந்தைக்காரன், அவனையும் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள்தான் வந்து ஊமையாகிக் கிடந்த மிஷினைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா எடத்த வுட்டுடுக்கா. ரீசார்ஜ் கடைக்குக் கண்ணாடி கவுண்டர் மேசை ஒண்ணு சொல்லி வெச்சிட்டேன்." ரெஜினாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடலன்னா எடுத்துக்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

எல்லாம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அந்தக் கம்ப்யூட்டர் அணுபுரம் டவுன்ஷிப்பில் இருக்கும் நரசிம்மன் சாருடையது. அவர் புதிது வாங்கியபோது பழையதை இவளிடம் விற்றார். அவர் மகன் ஷ்யாம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். போன வாரம் ஊருக்கு வந்தவனிடம், வைரஸ் புகுந்துவிட்டது, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடு என்று இவள்தான் கேட்டாள். சின்ன வயதில் தான் விளையாடிய கம்ப்யூட்டர் என்ற பாசத்தில் அவன் முழுவதும் துடைத்துவிட்டு, உள்ளே இருந்த விண்டோஸ் 98ஐ எடுத்துவிட்டு, எக்ஸ்பி போட்டுக் கொடுத்தான். திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தபோது ரெஜினாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கிழட்டுப் பெட்டி புல்வெளியைச் சுமக்க மூச்சு வாங்கியதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெட்டும் மிஷினுக்கு 98ஐத் தவிர வேறு எதுவும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. இவளுக்கும் தெரியவில்லை.

டெலிபோன் பூத்திலிருந்து ஷ்யாமைக் கூப்பிட்டாள். அவன் சாக்குச் சொல்லவில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா. மிஷினைப் பத்தி முன்னாடியே கேட்டிருக்கணும். அப்பா பெட்டியோட ஒரு சிடி கொடுத்தாரே, ஒரிஜினல், அது இருந்தா போதும். அதுக்கு வேண்டிய நம்பர் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கும். சனிக்கிழமை நானே வந்து போட்டுத் தர்றேன்."

வைத்திருந்தால்தானே. டிராயரைக் கவிழ்த்தாள், பரணை இறக்கினாள். வெட்டும் மிஷினோடு வந்த சிடி மட்டும் உறை கிழியாமல் கிடந்தது. மறுநாள் கடையைச் சாத்திவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கினாள். கடைசிக் கடையில் சதாசிவம் என்பவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"நைண்ட்டி எய்ட்டா? இன்னாம்மா நீ, செத்துப்போன மாட்டுக்குப் புல்லு வாங்க வந்துகீறே! அதெல்லாம் எப்பவோ கழிச்சாச்சி. புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிக்க."

"மாடு சாவலீங்க. புல்லுதான் மாத்திப் போட்டுட்டோம்," என்றாள் ரெஜினா.

அவர் சிரித்தார். உதவத்தான் வழி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள். அப்போது முன்னால் போன பால்காரரின் சைக்கிளிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் கண்ணில் அடித்தது. பின்னால் வரும் வண்டிக்குத் தெரியட்டும் என்று மட்கார்டில் ஒரு பழைய சிடியைக் கட்டியிருந்தார். ரெஜினா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

பொங்கலுக்குக் கடையைச் சுத்தம் செய்தபோது அப்பா வந்திருந்தார். கொய்யாவைக் கிளி கொத்துகிறது, வீணான சிடி இருந்தால் கொடு என்று கேட்டார். ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தாள். அதில் 98 சிடியும் போனது. தெரியாமல் போகவில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, யோசித்துத்தான் போட்டாள். உள்ளே இருப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டதே, புளியைக் கரைத்த பிறகு சக்கை எதற்கு என்பது அன்றைக்கு அவள் கணக்கு. ஊருக்குப் போகும் கல்பாக்கம் பஸ்ஸை விட்டுவிட்டு, அப்பாவின் தோப்பு இருக்கும் படாளத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஒரு காலத்தில் கூலிக்குக் காய் பறித்த அதே தோப்பைத்தான் சின்னையன் இப்போது குத்தகைக்கு எடுத்திருந்தார். தோப்புக்குள் நுழைந்ததும் ரெஜினாவுக்குக் கண் கூசியது. மரத்துக்கு மரம் சிடிகள் காற்றில் சுழன்று மின்னிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் பெயர் தெரியவில்லை. சின்னையன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். இரண்டு இரண்டு சிடியாக முதுகோடு முதுகு வைத்து, மினுங்கும் பக்கம் வெளியே தெரியும்படி நைலான் நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தார். எழுத்தெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"ரெண்டு பக்கமும் மின்னணும்மா. இல்லாங்காட்டி கிளி மறுபக்கமா வந்து துண்ணுட்டுப் போவுது," என்றார் பெருமையாக.

"நைனா, இதுல ஒண்ணு எனக்கு வேணும். அது இல்லன்னா கட போயிடும்."

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். ரெஜினா ஏறி முடிச்சை அவிழ்த்து, பிரித்துப் பார்த்து, கீழே கொடுத்தாள். அவர் வாங்கி, திரும்பவும் முதுகோடு முதுகு வைத்துக் கட்டினார். அவிழ்ப்பவளுக்கும் கட்டுகிறவருக்கும் நடுவில் மரங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. வீட்டில் எழுதிய சினிமா சிடிகள் வெயிலில் சாயம் போய் வெளுத்துக் கிடந்தன. இவளுடையது கம்பெனி சிடி, தாங்கியிருக்கும் என்று நம்பிக்கொண்டாள். எறும்பு கடித்தது, உதறிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

"ஒந்தம்பிக்கும் ஒரு வழி வேணும்மா," என்றார் சின்னையன், கீழே பார்த்துக் கட்டிக்கொண்டே.

"வேணும் நைனா. அதுக்காக என்ன அழிச்சித்தான் அவன் வாழணுமா?"

அவர் நரம்பைக் கீழே போட்டார். ஏணியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கிணற்றடி மரத்தில் கிடைத்தது. ஒரு பாட்டு சிடியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, எழுத்து பாதி மங்கி, ஆனாலும் 98 என்று தெளிவாகத் தெரிந்தது. மறுபக்கம் கிளை உரசி, பூனை பிராண்டின மாதிரி கீறல்கள். ரெஜினா அதை முந்தானையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"இத எடுத்துகினு போயிட்டா கெணத்தடி மரத்துக்கு இன்னா காவலு?"

கைப்பையில் ஷ்யாம் எழுதிக் கொடுத்த எக்ஸ்பி சிடி இருந்தது. அதை எடுத்து நீட்டினாள். "இத கட்டு, நைனா. புதுசு."

சின்னையன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசவிட நல்லா மின்னுது," என்று அப்போதே கட்டினார்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த ஷ்யாம் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு கடைக்கு வந்துவிட்டான். கீறலைப் பார்த்து முகத்தைச் சுருக்கினான். பக்கத்துக் கடையில் வெள்ளைப் பற்பசை வாங்கிவரச் சொன்னான். "வட்டமா தேய்க்காதீங்கக்கா. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, நேரா." ரெஜினா பனியன் துணியில் பற்பசையைத் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் தேய்த்தாள். கழுவித் துடைத்துப் போட்டார்கள். பச்சைப் புல்வெளி அழிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

சிடியில் இருப்பதையெல்லாம் முதலில் பெட்டிக்குள் இறக்கிவிடலாம், பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றான் ஷ்யாம். பாதி வரை ஓடிற்று. பிறகு ஒரு இடத்தில், படிக்க முடியவில்லை என்று நின்றது.

"கீபோர்டுல ஆர் அழுத்துங்க. திரும்ப முயற்சி பண்ணும்."

அழுத்தினாள். சிடி உள்ளே கரகரவென்று சுற்றி, நின்றது. மறுபடி ஆர். மறுபடி நின்றது. வெளியே எடுத்துத் தேய்த்தாள், போட்டாள், முதலிலிருந்து ஓடவிட்டாள். அதே இடத்தில் நின்றது. மத்தியானம் சாப்பிடப் போகலாம் என்று ஷ்யாம் கூப்பிட்டபோது நீ போ என்றாள். அவனும் போகவில்லை. பன் வாங்கி வந்து இரண்டு பேரும் தின்றார்கள். இடது கையில் பன்னும் வலது கை விரல் ஆர் மீதுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வராமலும் போகலாம்," என்றான் ஷ்யாம் மெதுவாக. "உங்க கிட்ட பொய் சொல்லக் கூடாது."

"தெரியும். அழுத்தறதுக்கு இன்னா காசா பணமா?"

அவளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் விரலை எடுத்தால் அந்த நிமிஷமே கடை தன்னுடையது இல்லை என்று தோன்றியது. தேய்ப்பதும் போடுவதும் அழுத்துவதுமாகப் பொழுது சாய்ந்தது. ஒருமுறை ஆர் அழுத்தியபோது சத்தம் மாறியது. கரகரப்பு நீங்கி, மூக்கடைப்பு விட்ட மாதிரி சீராக ஓடியது. அடுத்த வரி வந்தது, அதற்கடுத்த வரியும் வந்தது. ஷ்யாம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். ரெஜினா விரலை எடுக்காமலே, "பேசாத" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு 98 ஏறிவிட்டது. வெட்டும் மிஷினின் சிடியை மட்டும் காலையில் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஷ்யாமை அனுப்பினாள். முதல் தடவை அதைப் போட்டதும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லப்பன் வந்து வாசலில் குந்திக்கொண்டான். ரெஜினா மிஷினின் சிடியைப் போட்டு முடித்து, சிவப்புத் தாளைப் புதிதாகச் செருகி, 'பொன்னி' என்று அடித்து, படகின் நீளத்துக்கு எழுத்தை இழுத்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கண்ணாடிக் கவுண்டரோடு ஜோயல் வந்து இறங்கினான். வண்டிக்காரனும் அவனுமாக அதைத் தூக்கி வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

"எங்கக்கா வெக்கிறது?"

ரெஜினா திரும்பவில்லை. பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லப்பன் எழுந்துவிட்டான். பிறகு மிஷின் ஒரு முறை குலுங்கியது. கத்தி மூலைக்குப் போய், அங்கே ஒரு கணம் யோசித்து, தாளைக் கொத்தி இழுக்க ஆரம்பித்தது.

அவள் மூச்சுவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள், தாள் எழுத்தை மீறி நீண்டு, மிஷினுக்குப் பின்னால் சரிந்து, தரையில் மடங்கப் பார்த்தது. மடங்கினால் எழுத்து கோணிவிடும். அவளால் எழுந்து வரமுடியாது, முன்பக்கம் தாள் கோணாமல் கையால் பிடித்திருந்தாள்.

"ஜோயலு! தாளு!"

அவன் கவுண்டரை அப்படியே தெருவில் இறக்கிவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் தாளை ஏந்தினான். மிஷின் இழுத்தால் ஓரடி முன்னே வந்தான், விட்டால் ஓரடி பின்னே போனான். எழுத்து வளர வளர அவன் பின்னால் நகர்ந்து வாசல்படிவரை போய்விட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் காலிக் கண்ணாடிக் கவுண்டர் வெயிலில் நின்றது. அதன் கண்ணாடியில் சிவப்புத் தாளின் பிம்பம் முன்னும் பின்னும் போய்வந்தது.