நல்லையாவின் குதிகால் துளை

மலாக்காத் திடலில் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்த அதே வாரத்தில், காஜா பேராங் பட்டறை ஒன்றில் லோரிகளின் அடிப்பகுதிக்குத் தார் பூசும் நல்லையாவின் முதுகில் துரு பிடித்தது. முதலில் ஐம்பது காசு அகலம்தான். அவர் மனைவி ருக்மணி தேமல் என்று நினைத்து மஞ்சள் தேய்த்தாள். விரலில் செம்பொடி ஒட்டியது. டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, உடம்பில் இரும்புச் சத்துக்குக் குறைவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மலாக்காவில் கடலோரம் ஓடும் லோரிக்கு மூன்று வருசத்தில் அடித்தகடு அரித்துப் போகும். அதற்காகவே முதலாளி கலியாணசுந்தரம் பட்டறையில் குழி வெட்டியிருந்தார். நல்லையா குழிக்குள் நின்று, தலைக்கு மேல் நிற்கும் லோரியைக் கம்பி புருசால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, சிவப்பு ஈயச் சாயம் அடித்து, காய்ந்த பின் சுடுதார் பூசுவார். அடிச்சட்டத்தில் உள்ள துளைகளை மட்டும் விட்டுவிடுவார். உள்ளே போகும் மழைத்தண்ணீர் வடிய அவைதான் வழி; ஒன்றை அடைத்தாலும் லோரி உள்ளிருந்து துருப்பிடிக்கும். அறுநூறு லோரிகளில் அவர் ஒரு துளையைக்கூட அடைத்ததில்லை. அவருக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. ஞாயிறுதோறும் ருக்மணி ஒவ்வொரு இடமாகத் தேய்த்தாள், துடைத்தாள், சாயம் அடித்தாள், தார் பூசினாள். தாரை ஆறவைத்துப் பூசினாள் என்பது மட்டும் வித்தியாசம். நாற்பது நாளில் தார் கொப்புளம் விட்டு அடியில் புதுத் துரு நின்றது. மறு வருசம் ஆடியில் முழங்கால் மடங்கவில்லை, குழிக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். ஆகஸ்டில் துரு தாடைக்கு வந்தது. தாடை இறுகினால் கஞ்சிகூட இறங்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

கூட வேலை செய்த சேதுராமன் ஒரு நாள் குழிக்குள் சிறு சுத்தியலால், லோரிக்குத் தட்டுவதுபோல, அவரை நெஞ்சிலிருந்து கால்வரை தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, உள்ள தண்ணி நிக்குது. எந்த ஓட்டைய அடைச்சீங்க?"

"நானா? என்னைப் பாத்தா ஓட்டைய அடைக்கிறவன் மாதிரியாடா இருக்கு?"

இடது குதிகாலில் பழைய தார் உருண்டை ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்களில் நல்லையாவும் தம்பி கருப்பையாவும் உண்டு. தம்பி இடுப்பில் தண்டவாள ஆணிகளைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிப் போய்விட்டான். நல்லையா குதிகாலில் ஒரு புண்ணோடு திரும்பினார். அது ஓயாமல் கசிந்தது. பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், துளைகளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், அதைத் தாரால் அடைத்துவிட்டார்.

சேதுராமன் குத்தூசியை எடுத்தான். நல்லையா காலை இழுக்கப் பார்த்தார், கால் வரவில்லை.

"வேணாண்டா. அது அந்த ஆத்துத் தண்ணி. அது போனா தம்பியும் போயிடுவான்."

"ஒங்க தம்பி போயிப் பதினாலு வருசமாச்சு," என்றாள், கஞ்சித் தூக்கோடு குழி விளிம்புக்கு வந்திருந்த ருக்மணி. "இப்பப் போய்க்கிட்டிருக்கிறது நீங்க."

நல்லையா தலையாட்டினார். கழுத்து கிரீச்சிட்டது தெருவரை கேட்டது.

தண்ணீர் மூன்று நாள் ஓடியது. செம்மண் நிறம், மூங்கில் வாசனை. அது வாய்க்காலில் இறங்கி கம்போங் செட்டிக் குடியிருப்பைக் கடந்து போனது. மழையில்லாத வாரம் என்பதால் அங்குள்ளவர்கள் வாளியில் மொண்டு வாழைக்கு ஊற்றினார்கள். குழி நிறைந்துவிட்டதால் இரண்டு லோரிகள் காத்துக் கிடப்பதாக முதலாளி குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்ததும், தண்டவாள ஆணி ஒன்று வந்து விழுந்தது. துளையைவிட ஆணி பெரிது. அதில் துரு இல்லை. ருக்மணி அதைக் கழுவி, குங்குமம் வைத்து, சாமிப் படங்களோடு வைத்தாள்.

கொடி மாறிய மறுவாரம் நல்லையா தன் காலாலேயே குழிக்குள் இறங்கினார். துளையைத் திரும்ப அடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் தரையில் ஒற்றைக் குதிகால் அளவுக்குச் சிவந்த ஈரம் இருக்கும். காஜா பேராங்கில் அதற்கென்று வாசலில் ஒரு சாக்குத் துணி போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போவார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக வரும், ரெண்டாய் மடித்துப் போடுங்கள் என்று அவரே சொல்வார்.