சீமாட்டி படத்தின் சொந்தக்காரி

வாங்க வந்தவரிடம் தேனாகப் பேசுவார் சீதாராமன். வேலைக்கு இருப்பவர்களிடம் அந்தத் தேன் ஒரு சொட்டும் மிஞ்சாது. துபாயில் பழைய ஓவியங்களை விற்கும் அவர் கடையில், ஒவ்வொரு படமும் யார் யார் கைமாறி வந்தது என்று தேடி எழுதுவது யாழ்ப்பாணத்துக் கஜந்தினியின் வேலை.

அந்த வாரம் வந்தது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சீமாட்டி ஒருத்தியின் படம். கறுப்புப் பட்டு, கழுத்தில் முத்து, 'உங்களையெல்லாம் யார் உள்ளே விட்டது' என்கிற பார்வை. பிரபு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த படம். கடைசியாக வைத்திருந்த விதவை, தன்னைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரி மார்த்தாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். விதவையின் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? திருடி என்று வழக்குப் போட்டார்கள். மார்த்தா வென்றாள். சாகும்வரை சீமாட்டியைத் தன் அடுக்களையில் மாட்டி வைத்திருந்தாள், மகராசி!

"தாள்லேர்ந்து மார்த்தா பேரைத் தூக்கிடு," என்றார் சீதாராமன். "பிரபு குடும்பம், அப்புறம் தனியார் சேகரிப்புன்னு போடு. வேலைக்காரி, திருட்டு, கோர்ட்டுன்னா எவன் வாங்குவான்?"

"ஏலாது சேர். படம் அவவின்ர."

"அப்ப வேற வேலை பாத்துக்கோ."

வேலை போனால் விசாவும் போகும். அது கஜந்தினிக்குத் தெரியாதா? ஆனால் அவள் அம்மா சிவகொழுந்து சவூதியில், அல் கோபாரில், ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டவள். கிழவி தன் கையாலேயே அவளுக்கு ஒரு காப்புப் போட்டுவிட்டாள். கிழவி செத்ததும் மகன்மார் காப்பைக் கழற்றிக்கொண்டு, கள்ளி என்று விமானம் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு அம்மா வருமுன்னே அந்தப் பேர் வந்துவிட்டது. மார்த்தாவின் பேரை அவள் அழிக்கவில்லை. சீதாராமனே அழித்து அச்செடுத்தார்.

மாலையில் படம் வாங்க ஜுலைஹா பீவி வந்தார். கீழக்கரைக்காரர், துபாயின் தேராப் பகுதியில் நகைக்கடை வைத்திருப்பவர். தாளைப் படித்துவிட்டு, "பிரபு வீட்டுலேர்ந்து நேரா வந்ததா?" என்றார்.

"ஆமாங்க," என்று முந்திக்கொண்டார் சீதாராமன்.

"இல்லை அம்மா," என்றாள் கஜந்தினி. மார்த்தா கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சீதாராமனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அவ திருடலைன்னு நீ எப்படிம்மா சொல்றே?"

"'அவவே தந்தவ, நான் எடுக்கேல்லை' எண்டு மார்த்தா கோர்ட்டில சொன்னவ. கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது." பிறகு சொன்னாள்: "எங்கட அம்மாவும் அல் கோபாரில இதைத்தான் சொன்னவ. கேக்க ஒருத்தரும் இருக்கேல்லை."

ஜுலைஹா பீவி அவளையே பார்த்தார். "நான் நம்புறேம்மா," என்றார். பிறகு தாளை மேசையில் போட்டார். "சீதாராமன், படம் நல்ல படம். உங்க பேச்சுத்தான் சரியில்ல." எழுந்து போய்விட்டார்.

"கலாஸ், முடிஞ்சுது! நாளைக்கு வராதே!" என்று கத்தினார் சீதாராமன்.

கஜந்தினி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, வேலை போயிட்டுது."

"ஐயோ! என்னடி செய்தனீ?"

"ஒருத்தி களவெடுக்கேல்லை எண்டு சொன்னனான்."

சிவகொழுந்து மெல்லக் கேட்டாள்:

"நம்பினவையோ?"

"ஓராள் நம்பினவ, அம்மா."