ஒரே ஒரு வாய்

காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தார்கள். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜுக்கு அந்த வாசனை நேராக வந்து மூக்கில் ஏறியது. அவர் கையில் இருமல் மருந்து அளக்கிற சின்ன மூடி. அதில் வடிகட்டிய பாசிப்பருப்புத் தண்ணீர். ஒரு மிடறு குடித்து, இரண்டு நிமிடம் பொறுத்து, அடுத்த மிடறு. அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு.

"மேரி, இது அரிசி அப்பளமா, உளுந்து அப்பளமா?"

"எதுவா இருந்தா உங்களுக்கென்ன? உள்ள வந்து உக்காருங்க" என்றாள் அவர் மனைவி ஆனந்தமேரி.

"சும்மா தெரிஞ்சுக்குவோம்னுதான்."

கிறிஸ்துராஜ் அரசு பஸ் கண்டக்டர். வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு நாளைக்கு முன்பு வரை எடை நூற்று முப்பத்தொரு கிலோ. பழனி வண்டியில் கூட்டத்துக்குள் புகுந்து டிக்கெட் போடும்போது, "கண்டக்டர் இந்தப் பக்கம் வாராரு, வண்டி சாயப் போவுது" என்று யாராவது சொல்லுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை. சர்க்கரை நோய் வந்தது. முழங்கால் தேய்ந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பட்டினி கிடந்து பார்த்தார், நடந்து பார்த்தார், குறைந்த எடையெல்லாம் வட்டமடித்துத் திரும்பி வந்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைச் சொன்னார்.

ஊருக்கெல்லாம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். உண்மை தெரிந்தால் டிப்போவில் என்ன பேசுவார்கள் என்று கிறிஸ்துராஜுக்குத் தெரியும். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்பார்கள். உடன்பிறந்த தங்கை டெய்சிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து முதல் பத்து நாள் பசியே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். பதினோராம் நாள் பசி வந்தது. அன்று மத்தியானம் முழுக்கச் செல்போனில் பரோட்டா கொத்துகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அப்பளம் வேறு. பயந்துபோய் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஜீவிதாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், பயங்கரமா பசிக்குது. உள்ள தையல் பிரிஞ்சு வயிறு பழையபடி பெருசாயிருச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். வலி, காய்ச்சல் ஒண்ணும் இல்லையே? சரி, பசி எங்க தெரியுது? வயித்துலயா, வாயிலயா?"

கிறிஸ்துராஜ் நேர்மையாக யோசித்தார். "பரோட்டாவுல தெரியுது மேடம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்ப அது பழக்கம் சார். இத்தனை வருஷப் பழக்கம் பத்து நாள்ல போயிருமா? தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுட்டுப் பத்து நிமிஷம் நடங்க. அப்பவும் பசிச்சா, குடுத்த புரத பவுடரக் கரைச்சு மெதுவா குடிங்க. பசிக்குதுன்னு வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அந்த வீடியோவ மட்டும் மொதல்ல நிறுத்துங்க."

வீடியோவை நிறுத்தினார். பசி வரும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் நாள் தெருமுனை வரை. நாலாம் நாள் கோயில் வரை. சில சமயம் திரும்பி வரும்போது பசி ஓடியிருக்கும். சில சமயம் கூடவே நடந்து வீடு வரை வரும்.

ஒரு நாள் அப்படி நடந்துவிட்டு மத்தியானம் தண்ணீர் எடுக்க அடுப்படிக் கதவைத் தள்ளினார். உள்ளே மேரி நின்றபடியே பழைய சோற்றையும் ஊறுகாயையும் அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு குழம்புச் சட்டி இல்லை, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் இல்லை. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"நீங்க பருப்புத் தண்ணி குடிக்கையில எனக்குக் கொழம்பு எப்படி எறங்கும்?"

"கூறுகெட்டவளே, வெட்டுனது எம் வயித்த. உன் வயித்த இல்ல. நாளைக்கு மீன் கொழம்பு வை. எம் முன்னால உக்காந்து சாப்புடு."

மறுநாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் மீனும் சோறும், அவர் மூடியும் கஞ்சியும். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் சாப்பிடுவதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டே பழகியவள். முள்ளை ஒரே இழுப்பில் உருவி எடுக்கும் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் பேசியிருந்தார். அன்று பசி அவ்வளவாகப் படுத்தவில்லை.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஆத்தூரில் தங்கை டெய்சியின் மகளுக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. தாய்மாமன் போகாமல் முடியுமா? அப்போது கூழ் போல் மசித்த உணவு மட்டும்தான் அனுமதி. மேரி ஒரு டப்பாவில் மசித்த பருப்பு எடுத்துக்கொண்டாள்.

கோயில் பூசை முடிந்தது. வெள்ளை கவுன் போட்ட மருமகளுக்கு மாலை போட்டு மோதிரம் மாட்டினார். பந்தலில் பந்தி ஆரம்பித்தது. மேரி டப்பாவைத் திறக்கும் முன்பே டெய்சி கறி வாளியோடு வந்துவிட்டாள். அவள் கரண்டி யாரையும் கேட்டுப் போடுகிற கரண்டி இல்லை.

"போதும்த்தா, வயிறு சரியில்ல" என்று கிறிஸ்துராஜ் இலையை மறைத்தார்.

"எம்புட்டு எளைச்சுப் போயிட்டீக. ஒரே ஒரு வாய்ண்ணே."

"இல்லத்தா, இப்ப வேணாம்."

டெய்சியின் கண் கலங்கிவிட்டது. "எம் மக விசேசத்துல நீங்களே எலைய மறைச்சா, நாலு பேரு என்ன நெனப்பாக? எங் கையால ஒரு வாய் வாங்க மாட்டீகளா?"

பந்தியே அவரைப் பார்த்தது. உண்மையைச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை. ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டார். மேரி தடுப்பதற்குள் விழுங்கிவிட்டார்.

இரண்டு நிமிடம் ஆகவில்லை. நெஞ்சுக்குக் கீழே கல்லை வைத்து அடைத்தது போல் ஒரு வலி. எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. எழுந்து வீட்டின் பின்பக்கம் போய், கிணற்றடியில் குனிந்து நின்றார். நுரை நுரையாக வந்தது. சட்டை வேர்வையில் நனைந்தது. பின்னாலேயே ஓடி வந்த டெய்சி, வாளியைக் கீழே போட்டுவிட்டு அவர் முதுகைப் பிடித்தாள்.

"என்னண்ணே, என்ன செய்யுது? மதினி, எங்கண்ணனுக்கு என்ன?"

மேரி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஜீவிதாவுக்குப் போனும் போட்டாள். கறித்துண்டு வெளியே வந்துவிட்டது, வலி குறைகிறது என்று கேட்டதும் ஜீவிதா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனாலும் கண்டிப்பாகச் சொன்னாள். இரண்டு நாள் திரும்பவும் தண்ணி ஆகாரந்தான். மறுபடி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

டெய்சி கிணற்றடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கொல்லப் பாத்தேனேண்ணே."

"நீ கொல்லல. நாந்தான் மறைச்சேன். சர்க்கரைக்கு ஊசி போட்டா ஊரறியப் போடுறோம். இதுக்கு மட்டும் ஏன் ஒளிஞ்சேன்னு தெரியல."

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். வலி முழுக்க விட்டது. முகம் கழுவிக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனார். பஸ்ஸில் டிக்கெட் கேட்டுப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"எல்லாரும் சாப்புடுங்க, பயப்பட வேணாம். எனக்குக் குடலிறக்கம் இல்ல. ஒடம்பு எடைக்காக வயித்தக் கொறைச்சு ஆபரேஷன் பண்ணியிருக்கேன். இப்ப எம் வயிறு சிறுமலை வாழைப்பழத் தண்டிதான். அதுல டெய்சி ஒரு ஆட்டையே ஏத்தப் பாத்துச்சு."

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை அது, அவரோடு சேர்ந்து சிரித்தது. இந்த முறை அவருக்கும் வயிறு வரை இறங்கியது. தையல் போட்ட இடம் வலிக்க, கையால் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு ஓயும் முன்பே டெய்சியின் மாமனார் சவரிமுத்து தொண்டையைக் கனைத்தார். "அப்ப நானும் சொல்லிர்றேன்த்தா. எனக்குப் பாயாசம் வேணாம். சர்க்கரை எரநூத்தெம்பது. போன வருசமே டாக்டர் வேணாம்னுட்டாரு. நீ மொகம் வாடுவேன்னு குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் சோறு போதும்க்கா" என்றாள் எதிர் வரிசையில் ஒருத்தி. "மூணு தடவ வேணாம்னேன், உங்க காதுல விழல."

அவ்வளவுதான். வரிசை வரிசையாகக் கைகள் இலைகளை மறைத்தன. டெய்சி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எலும்புச் சாறைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறவைத்து எடுத்து வந்தாள். மேரியிடம் மூடியைக் கேட்டு வாங்கி, அதில் அளந்து ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள். ஒவ்வொரு மிடறுக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேணுமாண்ணே?"

"போதும்த்தா."

டெய்சி மறுபேச்சுப் பேசாமல் மூடியை எடுத்து வைத்தாள். அதற்குள் அவள் கணவன் ஸ்டீபன்ராஜ், பழக்க தோஷத்தில் ஒரு விருந்தாளியின் இலையில் சோற்றைக் கொட்டப் போனான். டெய்சி எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"கேட்டுட்டு வைங்க. அள்ளி அள்ளி வைக்கிறதுதான் பாசம்னு நானும் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு மனுசன் போதும்னு சொன்னா, அதக் காது குடுத்துக் கேக்குறதுதாங்க மொதப் பாசம்."